அரிப்பு அல்லிராணிக் கோட்டையில் மறுபடியும் குழி தோண்டியிருக்கிறார்கள்

கட்டுக்கரை:
சிலாவத்துறைக்கு ஒரு வேலையாகப் போனவன், திரும்பும் வழியில் மன்னார்க் கரையிலுள்ள அரிப்பில், அல்லிராணிக் கோட்டை என்று ஊர் அழைக்கும் பாழடைந்த பழைய வீட்டுப் பக்கம் மோட்டார் சைக்கிளைத் திருப்பினேன். நிலப்பக்கச் சுவரின் அடியில் புதிதாக வெட்டிய குழி ஒன்று இருக்கிறது. இடுப்பளவு ஆழம். வெட்டிய மண்ணை ஒரு பக்கமாகக் குவித்திருக்கிறார்கள். அதற்குள் செங்கல் துண்டுகளும் சிப்பி ஓடுகளும் வெள்ளைச் சாந்துக் கட்டிகளும் கலந்து கிடக்கின்றன. குழியின் நான்கு மூலையிலும் எலுமிச்சம்பழத்தைப் பிளந்து குங்குமம் தடவி வைத்திருந்தார்கள். ஒன்றில் எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. பாதி எரிந்த கற்பூரம், சேவல் இறகு, ஒரு சோடாப் போத்தல். புதையலைக் காக்கும் பூதத்துக்குச் சேவல், தோண்டிய ஆட்களுக்குச் சோடா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேடிக்கை ஒரு புறம் இருக்கட்டும். அலவாங்கு போட்டுச் சுவரின் அத்திவாரத்தையே கிளப்பியிருக்கிறார்கள். கடல் ஒரு பக்கம் தின்கிறது, இவர்கள் மறுபக்கம் தின்கிறார்கள். இதை யாரிடம் முறையிடுவது? இந்த வீட்டுக்குக் கீழே புதையல் இருக்கிறது என்று முதலில் கிளப்பிவிட்டவர் யார்?

குதிரைமலையான்:
தோண்டுவது பிழை, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் கதை ஒன்றுமில்லாமல் வராது தம்பி. அல்லி ராணி குதிரைமலையில் இருந்து ஆண்டவள். இங்கே எடுத்த முத்தைக் கொடுத்து அரபு நாட்டுக் குதிரைகளை வாங்கியவள் என்று எங்கள் அப்பப்பா காலத்திலேயே சொல்லுவார்கள். அரிப்பில் இருந்தது அவளுடைய கடற்கரை மாளிகை. குதிரைமலைக்கும் இதற்கும் நிலத்துக்கு அடியால் வழி இருக்கிறது என்றும் கதை உண்டு. வெள்ளைக்காரன் பழைய அத்திவாரத்தின் மேலே தன் வீட்டைக் கட்டியிருக்கலாம் அல்லவா? ஊர் இத்தனை காலமாக அதைக் கோட்டை என்று ஏன் அழைக்கிறது?

கனடா முருங்கன்:
குதிரைமலைக்குச் சுரங்கவழியா? எத்தனையோ மைல் தூரம், நடுவிலே தண்ணீர் ஊறுகிற மணல். அதைத் தோண்டிய பொறியியலாளரைத்தான் முதலில் தேட வேண்டும்.

பழைய கச்சேரி:
குதிரைமலையான் அண்ணனின் கேள்விக்குச் சற்று நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வீட்டின் பிறப்புச் சான்று நன்றாகவே இருக்கிறது. கட்டியவர் பிரெட்ரிக் நோர்த். 1798இலிருந்து 1805 வரை இலங்கையில் பிரித்தானியரின் முதலாவது தேசாதிபதி. கட்டிய காலம் 1801க்கும் 1804க்கும் இடையில். முத்துக்குளிப்புக் காலத்தில் வந்து தங்கி, கடலில் நிற்கும் வள்ளங்களை மேல்தளத்திலிருந்தே பார்ப்பதற்காகக் கட்டினார். கிரேக்கக் கோயில்களின் டொரிக் பாணித் தூண்களை வைத்ததால் ஆங்கிலேயர் இதை 'டொரிக்' என்றே அழைத்தார்கள். நோர்த்துக்குக் கிரேக்கத்தின் மேல் தீராத மோகம். அந்த மோகத்துக்கு விலை கொடுத்தது நம்முடைய சிப்பி.

உண்மையாகவேதான் சொல்கிறேன். தூண்களைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே இருப்பது வெறும் செங்கல். முத்துச் சிப்பியைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பைக் குழைத்து மேலே பூசித் தேய்த்திருக்கிறார்கள். தூரத்துப் பார்வைக்குச் சலவைக்கல். அக்காலத்தில் இங்கே சமயகுருவாக இருந்த ஜேம்ஸ் கார்டினர், 1807இல் வெளிவந்த தன் நூலில் இந்தத் தீவிலேயே அழகான கட்டடம் இதுதான் என்ற பொருள்பட எழுதி வைத்திருக்கிறார். மாலுமிகளுக்கும் இது கரையை அடையாளம் காட்டும் குறியாக நின்றது.

கோட்டை என்றால் அரிப்பில் ஒரு கோட்டை இருக்கத்தான் செய்கிறது. அது வேறு. போர்த்துக்கேயர் தொடங்கி, ஒல்லாந்தர் கையில் இருந்த சிறிய கோட்டை. கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய 20 வருடம் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேய மாலுமி ரொபேர்ட் நொக்ஸ், 1679 ஒக்டோபரில் தன் தோழர் ஒருவரோடு காட்டு வழியாக அருவியாற்றைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்து கரையேறிய இடம் அதுதான். அப்போது நோர்த்தின் வீடு கிடையாது; அது எழ இன்னும் 120 வருடத்துக்கு மேல் இருக்கிறது.

அல்லியைப் பற்றியும் ஒரு சொல். அவள் நம் கதைப்பாடல்களில் வாழ்பவள். அருச்சுனனையே ஆட்டிவைத்த பாண்டிய நாட்டு அரசி. அவளை நான் மறுக்கவில்லை, மறுக்கவும் மாட்டேன். தூண் வைத்த பெரிய வீடு ஒன்று ஆளில்லாமல் கடலோரத்தில் நின்றால், ஊர் அதைத் தனக்குத் தெரிந்த பெரிய பெண்ணுக்கு எழுதிவைக்கும். அது கதையின் உரிமை. அந்த உரிமையை மண்வெட்டிக்குக் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

குதிரைமலையான்:
சரி ஐயா, வீடு நோர்த்துடையது என்றே வைத்துக்கொள்வோம். முத்துக் காலத்தில் தேசாதிபதியே வந்து தங்கினார் என்று நீங்களே சொல்கிறீர்கள். கடலில் எடுத்த முத்து எல்லாம் எங்கே வைக்கப்பட்டது? ஒரு பெட்டியாவது அங்கே மிஞ்சியிருக்காதா? தோண்டுகிறவர்களில் பாதிப் பேர் அல்லியை நம்பி வரவில்லை, வெள்ளைக்காரனின் பெட்டகத்தை நம்பித்தான் வருகிறார்கள்.

பழைய கச்சேரி:
நல்ல கேள்வி. இதற்குச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, எப்படி நடந்தது என்று தெரிய வேண்டும்.

ஒல்லாந்தர் காலத்திலும் பிரித்தானியரின் தொடக்க வருடங்களிலும் சலாபம் பெரும்பாலும் குத்தகைக்கு விடப்பட்டது. அதிக தொகை கேட்டவர் முத்துக்குளிக்கும் உரிமையை எடுப்பார். நட்டமோ இலாபமோ அவருடைய தலையில். அரசுக்குத் தேவைப்பட்டது காசு. முத்து அதன் கையில் தங்குவதே இல்லை.

பிற்காலத்தில் முறை மாறியது. நள்ளிரவுக்குப் பின் தரைக்காற்றில் வள்ளங்கள் பாருக்கு, அதாவது கடலடியில் சிப்பி விளையும் திட்டுக்கு, புறப்படும். விடிந்ததும் குளிப்பு. காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குகிறவன், ஒரு நிமிடம் தாக்குப்பிடித்தால் பெரிய காரியம். சுறா வாயைக் கட்டுவதற்கென்றே கடல்கட்டி என்று ஒருவரை அரசு சம்பளம் கொடுத்து வைத்திருந்தது. (விஞ்ஞானம் பேசிய துரைமாரும் இந்தச் செலவை வெட்டத் துணியவில்லை. கடல்கட்டி இல்லாமல் யார் இறங்குவான்?) பிற்பகலில் வள்ளம் கரைக்கு வந்தால் சிப்பி முழுவதும் 'கொட்டு' என்ற அடைப்புக்குள் போகும். மூன்று பங்காகப் பிரித்து ஒரு பங்கு குளித்தவர்களுக்கு, இரண்டு பங்கு அரசுக்கு. அரசின் பங்கு அன்று மாலையே ஆயிரம் ஆயிரமாக ஏலத்தில் போய்விடும்.

கவனியுங்கள், ஏலத்தில் போனது திறக்காத சிப்பி. உள்ளே முத்து இருக்கிறதா என்று விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. வாங்கிய வியாபாரி அதை நாள்கணக்கில் அழுகவிட்டு, புழுவும் ஈயும் நாற்றமும் தாங்கி, கழுவிக் கழுவி எடுக்க வேண்டும். கிடைத்ததை மடியில் முடிந்துகொண்டு தன் ஊருக்குப் போய்விடுவான். பணம் கொழும்புத் திறைசேரிக்கு. அரிப்பில் மிஞ்சியது சிப்பி ஓடும் நாற்றமும்.

வருடா வருடமும் சலாபம் கிடையாது. 1891க்குப் பிறகு 1903 வரை ஒன்றுமே இல்லை. பின்னர் 1905இல் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பி. அந்த வருடம் மரிச்சுக்கட்டிக் கரையில் ஓலைக்கொட்டில்களால் ஒரு பட்டணமே எழுந்தது. அந்த வரவைக் கண்டு இலண்டன் கம்பனி ஒன்று 1906இல் 20 வருடக் குத்தகைக்கு எடுத்தது. அடுத்த வருடத்தோடு பாரில் சிப்பி இல்லாமல் போக, 1912இல் கம்பனியையே கலைத்துவிட்டார்கள். கடைசிப் பெரிய சலாபம் 1925இல். கடலே கைவிரித்துவிட்ட முத்தைக் கரையில் தேடுகிறார்கள்.

நில அளவை:
கருவி பற்றி நான் சொல்கிறேன், தொழில் அதுதான். 'ஸ்கேனர்' என்று வாடகைக்குக் கொண்டுவருகிறார்களே, அதில் மூன்று வகை உண்டு.

ஒன்று, உலோகம் கண்டறியும் சாதாரணக் கருவி. நாணயம் அளவுள்ள பொருளை ஒரு சாண், ஒன்றரைச் சாண் ஆழத்துக்குள் காட்டும். முத்தைக் காட்டவே காட்டாது. முத்து கல்சியம் காபனேற்று, அந்தக் கரை முழுவதும் கொட்டிக் கிடக்கும் சிப்பி ஓடும் கல்சியம் காபனேற்று. நம் மண்ணில் அது காட்டுகிற உலோகம் ஆணி, தகரம், சன்னக்கோது, எறிகணைச் சிதறல். வன்னியில் எந்த வளவில் வைத்தாலும் கருவி கத்தும். கத்துகிற இடமெல்லாம் புதையல் என்றால் நாம் எல்லோரும் கோடீஸ்வரர்கள்.

இரண்டாவது, தரையை ஊடுருவும் ராடார். நல்ல கருவி, ஆனால் உப்புநீர் ஊறிய கடற்கரை மண்ணில் அதன் அலை ஆழம் போகாமல் அடங்கிவிடும். போனாலும் அது காட்டுவது மண்ணின் மாற்றத்தை. இடிந்த வீட்டின் அத்திவாரத்தைச் சுற்றிக் கல்லும் குழியும் இல்லாமல் வேறு என்ன இருக்கும்? திரையில் ஒரு சிவப்புப் பொட்டு விழுந்ததும் 'இதுதான் அறை' என்பார்கள்.

மூன்றாவது, இரண்டு கம்பி நீட்டிக்கொண்டு வருவது. தூரத்திலிருந்தே தங்கத்தை முகர்ந்து சொல்லுமாம். அது சுத்தப் பித்தலாட்டம். பிடித்திருப்பவனின் கை ஆடுகிறது, கம்பி திரும்புகிறது.

இந்தத் தொழிலில் உறுதியாகக் காசு பார்ப்பவர்கள் கருவியை வாடகைக்கு விடுகிறவரும் மை போட்டுப் பார்க்கிற மந்திரவாதியும்தான். குழியில் ஒன்றும் வராவிட்டால் 'பூதம் இடம் மாற்றிவிட்டது, இன்னொரு சேவல் வேண்டும்' என்றால் முடிந்தது.

கனடா முருங்கன்:
பூதத்துக்கும் இடமாற்றம் உண்டா? எங்கள் காலத்து ஆசிரியர்களுக்குத்தான் என்று நினைத்தேன்.

சிலாவத்துறைக் காற்று:
எல்லோரும் புதையலைப் பற்றிக் கதைக்கிறீர்கள், இடத்தைப் பற்றி யாரும் கதைக்கவில்லை.

நான் அந்தப் பக்கத்து ஆள். 1990 ஒக்டோபரில் முஸ்லிம்களாகிய எங்களை வடக்கிலிருந்து வெளியேற்றியபோது சிறுவன். புத்தளத்தில் வளர்ந்து, போர் முடிந்த பிறகுதான் ஊரைக் கண்டேன். வாப்பா எனக்குச் சொல்லி வைத்திருந்த வீடும் திரும்பி வந்து பார்த்த வீடும் ஒன்றல்ல. கடல்பக்கம் தூண்கள் நின்ற இடம் கரைமேட்டோடு சரிந்துபோயிருந்தது. செங்கற்பாளம் ஒன்று பூச்சு கலையாமலேயே கீழே மணலில் கிடக்கும். அலை வரும்போது மூடும், போகும்போது தெரியும். விளிம்பில் நின்று பார்த்தால் சுவரின் அடிக்கல் அந்தரத்தில் நிற்பது தெரியும். மாரிக்கு மாரி கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது.

நிலப்பக்கத்தில் குழி வெட்டினால் என்ன ஆகும்? மழைத்தண்ணீர் குழியில் தேங்கி, மண்ணுக்குள் இறங்கி, கடல்பக்கமாக வழி தேடும். மேடு இன்னும் விரைவாக உடையும். கட்டுக்கரை தம்பி பார்த்த குழி அதைத்தான் செய்யப்போகிறது.

இன்னொன்று. சுவரில் வரிசையாகச் சதுரத் துளைகள் இருக்கின்றன அல்லவா? மேல்மாடிக்கு மரவளை செருகிய துளைகள். மரம் போய்விட்டது, துளை நிற்கிறது. அதற்குள் நாணயம் ஒளித்திருக்கிறார்கள் என்று இரும்புக் கம்பியை விட்டுக் குடைந்து, ஒவ்வொன்றையும் தலை நுழையும் அளவுக்குப் பெருப்பித்துவிட்டார்கள். அப்படிக் குடைந்த ஒருவனைக் கண்ணால் பார்த்தேன். வெளியூர். 'நானா, இங்கே பழைய காசு ஏதாவது கிடைத்ததா?' என்று என்னையே கேட்டான். வௌவால் எச்சம் கிடைக்கும், அள்ளிக்கொண்டு போய்த் தோட்டத்துக்குப் போடு என்றேன்.

கண்ணிவெடி அகற்றிக் கொடுத்த மண் இது. எங்கே துப்புரவு செய்தார்கள், எந்த ஆழம் வரை பார்த்தார்கள் என்று தெரியாமல் இரவில் வந்து அலவாங்கு போடுகிறவனுக்குப் பூதத்தின் பயம் மட்டும் இருக்கிறதே, அதுதான் எனக்கு அதிசயம்.

முல்லை மண்:
இந்தத் திரியை இரண்டு நாளாக வாசித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். எங்கள் பக்கம் அல்லியும் இல்லை, நோர்த்தும் இல்லை. ஆனால் குழி இருக்கிறது.

புலிகள் புதைத்த தங்கம் என்று சொல்லி, நீதிமன்ற அனுமதி எடுத்து, நீதவான் முன்னிலையில் பெக்கோ இயந்திரம் கொண்டுவந்து தோண்டி, வெறுங்குழியை மூடிவிட்டுப் போகிற செய்தி முல்லைத்தீவில் எத்தனை முறை வந்துவிட்டது. அது சட்டப்படி நடப்பது. இரவில் சட்டமில்லாமல் நடப்பது வேறு கணக்கு.

2009இல் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போனபோது எங்கள் சனம் சுமக்க முடியாததை எல்லாம் வளவில் தாட்டுவிட்டுத்தான் போனது. அம்மா தன் தாலிக்கொடியை விடவில்லை, அது கழுத்தில் போனது. தங்கையின் சங்கிலியும் காப்பும், காணி உறுதியும், தையல் இயந்திரத்தின் தலையும் ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் போய், தென்னைக்கும் கிணற்றுக்கும் நடுவில் இறங்கின. முகாமிலிருந்து திரும்பி வந்தால் கிணறு இருக்கிறது, தென்னைக்குத் தலை இல்லை, நடுவில் குழி. வாளியின் மூடி மட்டும் பக்கத்தில் கிடந்தது. காணி உறுதியையாவது எறிந்துவிட்டுப் போயிருக்கலாம். அதை வைத்து அவன் என்ன செய்தான்?

எடுத்தவன் தன் வீட்டில் போய்ப் 'புதையல் கிடைத்தது' என்றுதான் சொல்லியிருப்பான். வன்னியில் யாராவது புதையல் என்று பேச்செடுத்தால் எனக்குச் சிரிப்பு வராமல் போவது இதனால்தான்.

சிலாவத்துறைக் காற்று:
முல்லை மண், எங்கள் உம்மா தன் குடத்தைத் தாட்ட இடம் இன்றைக்கும் சொல்லுவார். அங்கே இப்போது வேறொருவரின் வேலி நிற்கிறது. தோண்டிப் பார்ப்போமா என்று நான் கேட்டால், 'வேண்டாம், இருக்கட்டும்' என்பார்.

மட்டுறுத்துநர்:
ஒரு வேண்டுகோள். தங்கள் வளவில் எங்கே எதைத் தாட்டோம் என்ற விபரங்களை யாரும் இங்கே எழுத வேண்டாம். இதை வாசிப்பவர்கள் எல்லோரும் நல்ல நோக்கத்தோடு வாசிக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. ஏற்கனவே வந்த ஒரு பதிவிலிருந்து இரண்டு வரிகளை நீக்கியிருக்கிறேன்.

நெடுங்கேணி:
திரியைக் கொஞ்சம் திசை திருப்புகிறேன், மன்னிக்கவும். பழைய கச்சேரி ஐயா சொன்ன ஆண்டுகளைப் பார்த்தீர்களா? நோர்த் அரிப்பில் கிரேக்கத் தூண் பூசிக்கொண்டிருந்த அதே 1803இல்தான் வன்னியை ஆண்ட பண்டார வன்னியன் முல்லைத்தீவில் ஆங்கிலேயரை அடித்து விரட்டினான். அதே வருடம் ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் ஆங்கிலேயப் படை அதிகாரி வொன் டிறிபேர்க்கின் ஆட்களிடம் தோற்றான். அந்த வருடம் கண்டிக்குப் போன நோர்த்தின் படையும் அழிந்தது. மேற்குக் கரையில் விருந்து மாளிகை, கிழக்கில் போர், நடுவில் காடு. பிள்ளைகளை அரிப்புக்குச் சுற்றுலா கூட்டிப்போகும் ஆசிரியர்கள் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும். அல்லி ராணி என்று சொல்லிப் படம் எடுத்துவிட்டுப் பஸ் ஏறிவிடுகிறார்கள்.

கற்சிலைமடுப் பக்கமும் 'பண்டார வன்னியன் புதையல்' என்று ஒரு கூட்டம் அலைந்தது. தோற்றுக் காட்டுக்குள் போனவன் பெட்டி பெட்டியாகப் பொன்னைத் தூக்கிக்கொண்டா போயிருப்பான்?

பழைய கச்சேரி:
யாரிடம் முறையிடுவது என்ற கட்டுக்கரையின் முதல் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம்தான் அடிப்படை. 1815 மார்ச் 2க்கு முற்பட்ட கட்டடங்கள் அதன்படி பழமையானவை. 1804இல் முடிந்த இந்த வீடு அதற்குள் வந்துவிடுகிறது. மண்ணுக்குள் இன்னும் கண்டெடுக்கப்படாமல் கிடக்கும் தொல்பொருளும் அரசுக்கே உரியது. ஆகவே தோண்டியவன் உண்மையிலேயே எதையாவது எடுத்தாலும் அது அவனுடையது ஆகாது. 1998இல் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கடுமையாக்கினார்கள். தோண்டிக்கொண்டிருப்பதைக் கண்டால் உடனே பொலிஸ் அவசர இலக்கம் 119. பிறகு பொலிஸில் எழுத்து முறைப்பாடு, கிராம அலுவலருக்கு ஒரு பிரதி, தொல்லியல் திணைக்களத்துக்கு ஒரு பிரதி. குழியின் பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும்.

நீங்களே குழியை மூடிவிடாதீர்கள். கிளறிய மண்ணில் என்ன எந்த ஆழத்தில் இருந்தது என்பது தெரிந்தவர்கள் பார்க்க வேண்டிய விடயம்.

கட்டுக்கரை:
முறைப்பாட்டை எழுதிக் கொடுத்துவிட்டேன். ஓர் அலுவலகத்தில் வாங்கி முத்திரை குத்தித் தந்தார்கள். இன்னோர் அலுவலகத்தில் 'இது எங்கள் எல்லையா என்று பார்க்க வேண்டும்' என்றார்கள். பார்க்கட்டும். படங்களையும் இணைத்திருக்கிறேன்.

உங்களிடம் ஓர் உதவி வேண்டும். 1990க்கு முன் அங்கே எடுத்த குடும்பப் படங்கள் யாரிடமாவது இருக்கிறதா? கனடா, இலண்டன், புத்தளம் எங்கே இருந்தாலும் தேடிப் பாருங்கள். ஆட்களின் முகத்தை மறைத்து, பின்னால் தெரியும் சுவரையும் தூணையும் மட்டும் அனுப்பினால் போதும். எந்தப் பக்கம் பார்த்து எடுத்தது, கடல் எந்தக் கையில் இருந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். அவற்றை இப்போதைய படங்களோடு வைத்துப் பார்த்தால் எந்தச் சுவர் எப்போது விழுந்தது என்று கணக்கெடுக்கலாம் என்று நில அளவை அண்ணன் தனிமடலில் சொன்னார்.

கனடா முருங்கன்:
என்னிடம் ஒன்று இருக்கிறது. பாடசாலைச் சுற்றுலாவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். படியில் பதினைந்து பையன்கள் நிற்கிறோம். படி முழுதாக இருக்கிறது. கடல் எங்கள் முதுகுப் பக்கம். பெட்டியைத் திறந்து தேடி இந்த வாரத்துக்குள் அனுப்புகிறேன்.

நில அளவை:
படி தெரிகிற படம் என்றால் மிக நல்லது. ஒரு படியின் உயரம் இப்போதும் அளக்கலாம், அதை வைத்து மற்றவற்றைக் கணக்கிடலாம். படத்தை வெட்டாமல் முழுதாக அனுப்புங்கள், முகங்களை நான் மறைக்கிறேன்.

குதிரைமலையான்:
எல்லாம் சரி. அரிப்பில் ஒன்றும் இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குதிரைமலையில்?

பழைய கச்சேரி:
அண்ணன், குதிரைமலை வில்பத்து தேசிய வனத்துக்குள் இருக்கிறது. அங்கே மண்வெட்டியோடு போனால் தொல்பொருள் சட்டத்தோடு வனவிலங்குச் சட்டமும் சேர்ந்து வரும். அதற்கு முன்னால் கரடி வரும்.